இரண்டு சில்லும் ஒன்றாக இழுக்கும் வண்டி

1

பனி தொடங்கியதும் எங்கள் கட்டடத்து முற்றத்தில் சனம் வழுக்காமல் குறுணிக்கல் தூவ இந்த முறை புது ஆள் ஒருவர் வந்தார். நோர்வேக்காரர். சிவப்புப் பிக்கப். நான் குசினிக்குள் நின்று புட்டுக்கு மாக் குழைத்துக்கொண்டிருந்தேன். முற்றத்துக்கு ஏறும் சரிவில் வண்டி நின்றுவிட்டது. ஒரு பின்சில்லு மட்டும் 'வீர்' என்று சுற்றும் சத்தம் கேட்டது. மற்றச் சில்லு சும்மா நிற்கிறது என்று யன்னலுக்குப் போகாமலே எனக்குத் தெரிந்துவிட்டது. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்ட ஒரு கிழவிக்கு இது எப்படித் தெரியும் என்று நீங்கள் கேட்கலாம். தெரியாமலே இருந்திருக்கலாம் என்றுதான் எனக்கும் விருப்பம்.

போன மாரி வரை அந்த வேலையை என் மகன் சுதன்தான் செய்தான். ஒஸ்லோவில், இந்த ரொம்மனில், எங்கள் கட்டடத்துக்கும் பக்கத்துக் கட்டடங்களுக்கும் பனி தள்ளிக் கல்லுத் தூவுகிற வேலை. போன மார்கழியில், இதே முற்றத்தில், அவனுடைய பிக்கப்பின் சில்லுக்குக் கீழே என் மனுசன் அகப்பட்டார். சில நாள் ஆஸ்பத்திரியில் கண் திறக்காமல் கிடந்து போய்விட்டார். வண்டிக்குள் இருந்து கியரைப் போட்டவன் சுதன்.

அவருடைய ஆட்டைத்திவசம், முதல் வருசத் திவசம், கிட்டிக்கொண்டு வந்தது. ஒரே ஆண்பிள்ளை. அவன்தான் இருந்து செய்யவேண்டும். ஐயருக்குச் சொல்லியாயிற்று, ஆட்களுக்கும் சொல்லியாயிற்று. சுதன் மட்டும் வரமாட்டேன் என்று நின்றான். அந்த வருசம் முழுக்க அவன் என் வீட்டுப் படி ஏறவில்லை. புருசெத்தில் இருக்கிறான், தூரமில்லை. போன் எடுத்தால் "சுகமா இருக்கிறியளோ, மருந்து எடுக்கிறியளோ" என்று கேட்பான். பிறகு கதை நின்றுவிடும். மனுசன் போனது போகட்டும், பிள்ளையும் போய்விடுமோ என்பதுதான் எனக்குப் பயம். திவசத்துக்கு வராவிட்டால் பிறகு அவன் எதற்கும் வரமாட்டான் என்று என் மனதுக்குப் பட்டது.

2

இவர், என் மனுசன், ஊரில் வான் ஓடினவர். சாவகச்சேரியில் இருந்து யாழ்ப்பாணம், பிறகு திரும்பி. வாடகை வான், கிழட்டு வான். நாளாந்தம் ஏதாவது ஒன்று கழன்று விழும். கராஜுக்குக் கொண்டுபோகாமல் இவரே பார்ப்பார். பின்சில்லில் ஏதும் சத்தம் கேட்டால் முன்சில்லுகளுக்குக் கல்லை அடைவைத்து, ஒரு பின்சில்லை மட்டும் ஜக்குப் போட்டுத் தூக்குவார். ஒரு பெடியனை வண்டிக்குள் ஏற்றிக் கியரைப் போடச் சொல்வார். தூக்கின சில்லு அந்தரத்தில் மெல்லச் சுற்றும். நிலத்தில் நிற்கிற மற்றச் சில்லு அசையாது. இவர் சுற்றுகிற சில்லுக்குப் பக்கத்தில் குந்தி, காதைக் கொடுத்து, பிரேக் உரசுகிறதா, பெயாரிங் தேய்ந்துவிட்டதா என்று சொல்லிவிடுவார். அந்தப் பக்கத்து வான்காரர் எல்லாரும் அப்படித்தான் செய்தார்கள். அதில் ஒருவருக்கும் ஒன்றும் நடந்தது என்று நான் கேள்விப்பட்டதில்லை.

இங்கே வந்து முதலில் வடக்கே மீன் தொழிற்சாலை, பிறகு ஒஸ்லோவில் பஸ் கழுவுகிற வேலை. ஓட்டுகிற வேலை கிடைக்கவில்லை. பாசை வரவில்லை, சோதனையில் இரண்டு தரம் தவறிவிட்டார், பிறகு கேட்கவில்லை. வண்டி ஓட்டத் தெரிந்த மனுசன் மற்றவன் ஓட்டுகிற வண்டியைக் கழுவிக்கொண்டு முதுமைக்கு வந்தார். அதைப்பற்றி வாய் திறந்ததில்லை. சுதன் பிக்கப் வாங்கின நாளில்தான் அவர் முகத்தில் பழைய வெளிச்சத்தைக் கண்டேன்.

முதல் வாங்கினது பின்சில்லு மட்டும் இழுக்கிற சாதாரணப் பிக்கப். வெறும் பெட்டியோடு பனியில் அது நடக்காது. பின்பக்கத்தில் பாரம் இல்லாதபடியால் சில்லு நிலத்தைப் பிடிக்காது. இவர் போய்ப் பெட்டியில் மண்மூட்டைகளைப் பின்சில்லுக்கு நேரே அடுக்கிக் கட்டிவிடுவார். அப்படியும் முற்றத்துச் சரிவில் நிற்கும். சரிவில் ஒரு பக்கம் வெயில் பட்டுத் தார் தெரியும், மற்றப் பக்கம் கட்டட நிழலில் ஐஸ். ஐஸில் நிற்கிற சில்லு சுற்றோ சுற்றென்று சுற்றும், தாரில் நிற்கிறது சும்மா பார்த்துக்கொண்டு நிற்கும். இவர் பக்கத்தில் நடந்துகொண்டு, "ஹான்ட் பிரேக்கை ஒரு சொட்டு இழுத்துப்பிடி, ஒரு சொட்டு" என்பார். சுதன் இழுப்பான். சில வேளை ஏறும்.

"ஏனப்பு, தாரில நிக்கிறது இழுத்தா என்ன?" என்று ஒருநாள் நான் கேட்டேன்.

சுதன் சிரித்துவிட்டு மேசையில் இரண்டு தேத்தண்ணிக் கோப்பையை வைத்தான். "ரெண்டு சில்லுக்கும் நடுவில டிபரன்சல் எண்டு ஒண்டு இருக்கம்மா. வளைவில திரும்பேக்க வெளிச்சில்லு கூடத் தூரம் ஓடவேணும், உள்ச்சில்லு குறையத்தான். அதுக்காக ரெண்டையும் தனித்தனியச் சுத்த விடுறது. கரைச்சல் என்னண்டா, ஆருக்குச் சுத்த லேசோ அவருக்குத்தான் அது எல்லாத்தையும் குடுக்கும்."

"அப்ப வேலை செய்யாமல் துள்ளுறவருக்கு முழுச் சாப்பாடு."

"ஓம். உழைக்கக் கூடியவர் பட்டினி."

"அப்பிடிக் குடும்பங்கள் உங்கையும் இருக்குத்தானே" என்று இவர் சொன்னார். மூவரும் சிரித்தோம். இவர் அப்படிப் பகிடி விடுவது குறைவு.

அடுத்த மாரிக்கு முதல் சுதன் வேறு பிக்கப் எடுத்தான். திராமனில் கராஜ் வைத்திருக்கிற ரமணன் என்ற பிள்ளையிடம். அதுவும் பின்சில்லு இழுக்கிறதுதான், ஆனால் டிபரன்சலுக்குள் வேறு சாமான். உள்ளே தகடுகள் ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு நிற்குமாம். ஒரு சில்லு வழுக்கி வேகமாகச் சுற்றத் தொடங்கினால் தகடுகள் பிடித்து, மற்றச் சில்லுக்கும் இழுவையைக் கொடுக்குமாம். முதல் பனிக்கு என்னையும் முன்சீற்றில் ஏற்றிக்கொண்டு சரிவில் ஏறிக் காட்டினான். ஒருக்கால் உதறியது, பிறகு ஏறிவிட்டது. இவர் கீழே நின்று பார்த்தார். "பரவாயில்லை" என்றார். ஆனாலும் மண்மூட்டையை இறக்க விடவில்லை.

மண்மூட்டை விசயத்தில் இவர் சொன்னது சரி என்று சுதனே ஒத்துக்கொண்டான். "இது எல்லாத்துக்கும் உதவாதம்மா. ஒரு சில்லுக்காவது பிடி இருக்கவேணும். ரெண்டும் ஐஸில நிண்டா ரெண்டும் ஒண்டாச் சுத்தும், பிறகு வண்டியின்ரை பின்பக்கம் பள்ளப் பக்கமா இழுத்துக்கொண்டு போயிடும். பழையது எண்டா ஒண்டு சுத்த மற்றது நேர பிடிச்சுக்கொண்டு நிக்கும். நிப்பாட்டுறதுக்கும் இது ஒரு உதவியுமில்லை. வெளிக்கிட மட்டும்தான்." பக்கத்து வளவுச் சரிவில் ஒருதரம் அப்படிப் பின்பக்கம் இழுபட்டு மதிலோடு சாய்ந்து நின்றதாம். அதற்குப் பிறகுதான் சில்லுக்குப் போடுகிற சங்கிலியும் வாங்கினான்.

3

அது நடந்த நாளுக்கு முதல்நாள் மழை பெய்து விடியப்புறம் உறைந்துவிட்டது. முற்றம் முழுக்கக் கண்ணாடி. வேலைக்குப் போகிற சனம் சுவரைப் பிடித்துக்கொண்டு போனது. சுதன் வந்து இரண்டு பின்சில்லுக்கும் சங்கிலி போட்டான். இடதுபக்கம் ஒழுங்காக இறுகிவிட்டது. வலதுபக்கம் உள்ளுக்குள் முறுகிக்கொண்டது, இழுக்க வரவில்லை. இவர் மேலே யன்னலால் பார்த்துக்கொண்டு நின்றவர், தொப்பியைப் போட்டுக்கொண்டு இறங்கினார்.

நான் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு கீழ்வாசலுக்கு வந்தபோது வலது பின்சில்லு ஜக்கில் தூக்கி நின்றது. ஜக்குக்குக் கீழே பலகை. முன்சில்லுக்கு ஒரு கட்டையை அடைவைத்திருந்தார். ஐஸின் மேல் கட்டை. இவர் வலது சில்லுக்கு முன்னால் குந்தியிருந்து சங்கிலியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார். சில்லு மெல்லச் சுற்றினால் சங்கிலி தானாக இழுபட்டுச் சரியாக உட்கார்ந்துவிடும் என்பது அவர் கணக்கு. சுதன் வண்டிக்குள். கண்ணாடியை இறக்கித் தலையை வெளியே நீட்டி ஏதோ சொன்னான். என்ஜின் சத்தத்தில் எனக்குக் கேட்கவில்லை. இவர் நிமிர்ந்து பார்க்காமலே வலது கையை ஒரு விசுக்கு விசுக்கினார்.

அந்த விசுக்கு எனக்குப் பழக்கம். "மழை வரும்போலை, குடையைக் கொண்டுபோங்கோ" என்றால் அந்தக் கை. "நெஞ்சு நோகுதெண்டியள், டொக்டரிட்டைக் காட்டுவம்" என்றால் அந்தக் கை. எனக்குத் தெரியும், நீ உன்ரை வேலையைப் பார் என்பதுதான் அதற்கு அர்த்தம். அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் கதை இல்லை.

பிறகு அவர் வாய் அசைந்தது. வண்டி முன்னுக்குப் பாய்ந்தது. அவ்வளவுதான். ஜக்குச் சரிந்த சத்தம் வண்டி பாய்ந்த பிறகுதான் எனக்குக் கேட்டது.

அதை இதற்கு மேல் எழுத எனக்கு விருப்பமில்லை.

4

பொலிஸ் விசாரித்தது. வேலை சம்பந்தப்பட்ட விபத்து என்றபடியால் வேலைப் பாதுகாப்பைப் பார்க்கிற கந்தோரில் இருந்தும் ஆட்கள் வந்தார்கள். என்னை விசாரித்தவர் ஒரு பொலிஸ்காரப் பெண், எனக்கொரு மகள் இருந்தால் அந்த வயது இருக்கும், அன்பான முகம். மொழிபெயர்ப்பாளர் போனில். அவர் தமிழ்நாட்டுப் பிள்ளை.

"அம்மா, வண்டிச் சக்கரத்தை யார் தூக்குனாங்க?"

"சில்லை இவர்தான் தூக்கினவர்."

"இவர்னா யாரும்மா? உங்க பையனா?"

"இல்லைப் பிள்ளை. இவர். எங்கடை அவர்."

அவருக்கு என்னைப் புரியவும் எனக்கு அவரைப் புரியவும் நேரம் எடுத்தது. கை விசுக்கினதை வாயால் சொல்லத் தெரியாமல் நான் கையால் காட்டினேன். "போன்ல எனக்குத் தெரியாதும்மா, வாயால சொல்லுங்க" என்றார். பொலிஸ்காரப் பெண் என் கையைப் பார்த்தார், ஆனால் அவருக்கு அது என்ன விளங்கும். 'ஏதோ கையால் காட்டினாராம்' என்ற அளவில் அது போய்விட்டது.

கடைசியாக அந்தப் பெண் கேட்டது இது: உங்கள் மகன் நாற்பது வயது தாண்டினவர். வண்டி அவருடையது. வேலை அவருடையது. விருப்பமில்லாவிட்டால் மாட்டேன் என்று சொல்லியிருக்கலாமே?

எங்கள் வீட்டில் தகப்பன் ஒன்றைச் செய்யச் சொன்னால், பிள்ளைக்கு எத்தனை வயது என்பது கணக்கில் வராது. இதை அந்தப் பெண்ணுக்கு எந்தப் பாசையில் சொல்வது.

விபத்துத்தான், யாரிலும் வழக்கு இல்லை என்று முடித்துவிட்டார்கள். ஆனால் எங்கள் சனம் முடிக்கவில்லை. செத்தவீட்டிலேயே தொடங்கிவிட்டது. இவருடைய தங்கச்சி, என் மச்சாள் புவனம், பெட்டிக்குப் பக்கத்தில் நின்று, "ஐயோ அண்ணை, பெத்து வளத்த பிள்ளையின்ரை கையாலையே போகவேணுமெண்டு எழுதிக்கிடந்துதே" என்று குழறினாள். சுதன் அங்கேதான் நின்றான். பிறகு ஒவ்வொருவராக வந்து அவன் தோளைத் தட்டி, "நீ வேணுமெண்டு செய்யேல்லைத்தானே" என்றார்கள். ஆறுதல் என்று நினைத்துத்தான் சொன்னார்கள். அவன் முகம் ஒவ்வொரு தட்டுக்கும் ஒருபடி உள்ளுக்குப் போனதை நான் கண்டேன்.

சுதனின் மகள் அபி இங்கே பிறந்த பிள்ளை. மேல்வகுப்புப் படிக்கிறாள். என்னோடு தமிழில்தான் கதைப்பாள், இடையில் நொர்ஸ்க் பாசை வந்து விழும். வெயில் காலத்தில் ஒருநாள் எனக்குத் தலை வாரி இழுத்துக்கொண்டிருந்தவள் கேட்டாள்:

"அப்பம்மா, பப்பா 'நெய்' எண்டு சொல்லியிருக்கலாம்தானே?"

'நெய்' என்றால் இந்த நாட்டுப் பாசையில் 'இல்லை', 'முடியாது'.

"ஆருக்கு?"

"அப்பப்பாவுக்கு. 'நெய், நான் செய்யமாட்டன்' எண்டு. சிம்பிளா."

"நீ உன்ரை பப்பாவுக்கு அப்பிடிச் சொல்லுவியோ?"

"ஓம், எல்லா நாளும் சொல்லுறனான்" என்றாள். சீப்பு நிற்கவில்லை.

பொலிஸ்காரப் பெண்ணின் அதே கேள்வி. என் வீட்டுக்குள் இருந்தே வந்தது. அவளில் எனக்குக் கோபம் வரவில்லை. ஆனால் ஒரு கரையில் தகப்பன், மறுகரையில் மகள், இரண்டு கரைக்கும் நடுவில் சுதன் மட்டும்தான் நிற்கிறான் என்று அன்றைக்கு விளங்கியது.

5

திவசத்துக்குக் கொஞ்ச நாளைக்கு முதல் நான் திராமனுக்குப் போனேன். தனியே ரயில் ஏறினது அதுதான் முதல் தரம். வண்டியில் ஏதோ பழுது இருந்திருக்கவேண்டும் என்று என் மனதில் ஒரு எண்ணம். பழுதென்று ஒரு மெக்கானிக் வாயால் சொன்னால் அதைக் கொண்டுபோய் சுதனிடம் கொடுக்கலாம். அவனுக்கு ஒரு பிடி கிடைக்கும்.

ரமணன் என்னைக் கண்டதும் வெளிறிப்போனான். வண்டியை விற்றவன் அவன்தானே. கையைத் துடைத்துக்கொண்டு, "அன்ரி, இருங்கோ, குளிருது" என்று ஹீற்றருக்குப் பக்கத்தில் கதிரையை இழுத்துப் போட்டான்.

"நான் சண்டைக்கு வரேல்லைத் தம்பி. வண்டியில என்ன பிழை எண்டு அறிய வந்தனான்."

அவன் என்னைக் கராஜுக்குள் கூட்டிக்கொண்டுபோனான். அங்கே ஒரு பிக்கப் இரண்டு பின்சில்லும் அந்தரத்தில் நிற்கத் தூக்கியிருந்தது. "இது பழைய மாதிரி டிபரன்சல். உந்தச் சில்லைக் கையாலை சுத்துங்கோ, அன்ரி."

சுற்றினேன். அந்தப் பக்கத்துச் சில்லு எதிர்ப்பக்கமாகச் சுற்றியது.

"இப்ப இஞ்சை வாங்கோ." பக்கத்தில் இன்னொரு வண்டி, அதே மாதிரித் தூக்கி நின்றது. "இது சுதனின்ரை மாதிரி."

சுற்றினேன். பாரமாக இருந்தது. அந்தப் பக்கத்துச் சில்லும் என் சில்லோடு சேர்ந்து அதே பக்கம் சுற்றியது. எனக்குக் கை கூசியது. விட்டுவிட்டேன்.

"ஊரில மாமா ஓடின வானுகள் எல்லாம் முதல் காட்டின சாதி" என்றான் ரமணன். "ஒரு சில்லைத் தூக்கினா இழுவை எல்லாம் தூக்கின சில்லுக்குப் போயிடும், ஏனெண்டா அதுக்குத்தான் சுத்த லேசு. நிலத்தில நிக்கிறது அசையாது. இதில அப்பிடியில்லை. தூக்கின சில்லு சுத்தத் தொடங்க, தகடு பிடிச்சு நிலத்தில நிக்கிற சில்லையும் தள்ளும். வண்டி ஜக்கை விட்டுப் பாயும். ஒரு சில்லைத் தூக்கி வைச்சுக்கொண்டு கியர் போடக்கூடாது. தூக்கிறதெண்டா ரெண்டையும் தூக்கவேணும்."

"அண்டைக்குக் கீழை ஐஸ்தானே தம்பி. ஐஸில சில்லு வழுக்காதோ?"

"வழுக்கியிருக்கும். ஆனா இடதுபக்கத்துக்குச் சங்கிலி போட்டிருந்ததெல்லே. அது ஐஸைக் கடிச்சிட்டுது."

திரும்ப வந்து ஹீற்றருக்குப் பக்கத்தில் இருந்தேன். அவன் தேத்தண்ணி கொண்டுவந்து தந்தான்.

"அப்ப வண்டியில பிழை இல்லை."

"இல்லை அன்ரி. அது தன்ரை வேலையைச் செய்தது."

"உதை நீ விக்கேக்கை சுதனுக்குச் சொன்னனியோ?"

அவன் கண் கலங்கினது. "சொன்னனான். அவருக்கு வடிவாத் தெரியும்."

6

ரயிலால் இறங்கி வீட்டுக்குப் போகாமல் புருசெத்துக்குப் போனேன். மருமகள் கதவு திறந்து, என்னைக் கண்டு, ஒன்றும் கேட்காமல் உள்ளே விட்டாள். சுதன் தொலைக்காட்சிக்கு முன்னால் இருந்தான், அது ஓடவில்லை. மெலிந்திருந்தான். வேலையை விட்டபிறகு ஒரு களஞ்சியசாலையில் பெட்டி அடுக்குகிறான். பிக்கப்பை மூடிக்கட்டிக் கீழே விட்டிருந்தான்.

"திராமனுக்குப் போய் வாறன்" என்றேன்.

"ஏன்?"

"ரமணனிட்டை."

அவனுக்கு விளங்கிவிட்டது. எழும்பி யன்னலடிக்குப் போனான்.

"உனக்குத் தெரியுமாம்" என்றேன்.

"ஓமம்மா. அண்டைக்கே தெரியும். பிறகு தெரிய வந்ததெண்டு நினைச்சியளோ?" முதுகைக் காட்டிக்கொண்டுதான் கதைத்தான். "அப்பா, இது பழைய வான் இல்லை, இது பாயும், ரெண்டு பக்கமும் தூக்குவம் எண்டு சொன்னனான். கையைக் காட்டினார். எனக்குப் படிப்பிக்காதை, போடு எண்டார்."

"நீ தலையை நீட்டிக் கதைச்சதை நான் கண்டனான்."

"கண்டு என்ன. நான் போட்டனான்தானே."

"அவர் சொன்னபடியால்."

"சின்னப்பிள்ளையோ அம்மா நான்? பாயும் எண்டு தெரிஞ்சுகொண்டு போட்டனான். ஒருவேளை பாயாதோ எண்டு நினைச்சன். அப்பாக்குத் தெரியாததோ எண்டும் நினைச்சன். அவர் போடு எண்டா என்ரை கால் தானாக் கிளச்சை விடுது. அது எனக்கு இண்டைக்கும் விளங்கேல்லை." கொஞ்சம் நிறுத்தினான். "உது சொல்லி ஆரையும் பிழை சொல்ல நான் விரும்பேல்லை. செத்தவர் அப்பா. என்னோடை இருக்கட்டும்."

"ஒருத்தருக்கும் சொல்லேல்லையோ? மருமகளுக்கு?"

"இல்லை."

"பொலிசுக்கு?"

"நான் கியர் போட்டன் எண்டு மட்டும் சொன்னனான். நீங்களும் ஒருத்தருக்கும் சொல்லாதையுங்கோ. அப்பாவின்ரை மரியாதை."

அந்த வருசம் முழுக்க அவன் இதைத்தான் சுமந்துகொண்டு திரிந்திருக்கிறான். தகப்பன் வண்டி தெரிந்த மனுசன் என்று சனம் சொல்லிக்கொண்டு இருக்கட்டும் என்று, தான் கொலைகாரனாக நின்றிருக்கிறான்.

திவசத்துக்கு வா என்றேன். "எள்ளுந் தண்ணியும் நான் இறைச்சு அப்பா வாங்குவாரோ?" என்று கேட்டான். கோட்டை எடுத்துப் போட்டுக்கொண்டு வெளிக்கிட்டேன். மருமகள் ரயிலடி வரை வந்து, "நாங்கள் கூட்டிக்கொண்டு வரப் பாக்கிறம் மாமி" என்று விட்டுவிட்டுப் போனாள். அபி தன் அறைக்குள் காதில் எதையோ செருகிக்கொண்டு இருந்தாள்.

7

திவசத்தன்று வீடு நிறைந்துவிட்டது. பாயும் கதிரையும் போதாமல் பக்கத்துவீட்டில் வாங்கிப் போட்டோம். புவனம் விடியவே திராமனில் இருந்து வந்து சமையலை எடுத்துக்கொண்டாள். கத்தரிக்காய்ப் பால்கறி, வாழைக்காய், பருப்பு, பாயாசம். ஐயர் வந்து தர்ப்பையும் எள்ளும் பரப்பிவிட்டு மணிக்கூட்டைப் பார்த்தார். இன்னொரு வீட்டுக்கும் போகவேண்டியவர்.

"மகன் வருவாரோ, அல்லது வேறை ஆரும் இருக்கிறதோ?" என்று கேட்டார்.

புவனம் தன் மகனைப் பார்த்தாள். அந்தப் பிள்ளை எழும்பத் தயாராக இருந்தான்.

அப்போது கதவு திறந்தது. சுதன். பின்னால் மருமகளும் அபியும். சப்பாத்தைக் கழற்றினான், ஜக்கெற்றைக் கழற்றவில்லை. நிலைக்குப் பக்கத்தில் நின்றான், உள்ளுக்கு வரவும் இல்லை, போகவும் இல்லை.

புவனம் அகப்பையோடு குசினி வாசலில் நின்று சொன்னாள்: "வா ராசா, வந்து இரு. செய்தது செய்தாச்சு, இனி என்ன செய்யிறது. இதையாவது ஒழுங்காச் செய்."

சுதனின் கை கதவுப் பிடிக்குப் போனது. நான் அதைக் கண்டேன்.

கூட்டத்தில் நான் கதைக்கிறவள் இல்லை. கோயிலிலும் தூணோடு நிற்கிறவள். அன்றைக்கு என் சத்தம் எனக்கே வேறு யாருடையதோ போலக் கேட்டது.

"புவனம், அவன் செய்யேல்லை" என்றேன். "ஒரு பக்கத்தை மட்டும் தூக்கினா வண்டி பாயும், ரெண்டையும் தூக்குவம் எண்டு அவன் சொன்னவன். உங்கடை அண்ணை கேக்கேல்லை. கையை விசுக்கினவர். நான் வாசல்ல நிண்டு பாத்தனான். போடு எண்டு சொன்னவரும் அவர்தான். பிழை அவரிலை."

"அம்மா" என்றான் சுதன்.

"நீ பேசாதை."

புவனம் அகப்பையைக் கீழே வைத்தாள். "மச்சாள், அண்ணையின்ரை திவசத்தில, அவற்றை படத்துக்கு முன்னாலை இருந்துகொண்டு கதைக்கிற கதையோ இது? ஊர்முழுக்க வான் ஓடின மனுசன். அவருக்கோ வண்டி தெரியாது?"

"அவருக்குத் தெரிஞ்சது அந்த வான். இந்த வண்டி தெரியாது. தெரிஞ்சவன் சொல்லக் கேக்கவும் தெரியாது."

"செத்தவரைப் பழி சொல்லி என்ன காணப்போறியள்?"

"உயிரோடை ஒரு பிள்ளை இருக்கிறான். அவனைக் காணப்போறன்."

ஆண்கள் நிலத்தைப் பார்த்தார்கள். அவர்களில் பாதிப்பேர் அந்த நாளில் ஒரு சில்லைத் தூக்கிப்போட்டுக் கியர் போட்டவர்கள்தான். பிள்ளை சொல்ல அவர்களும் கேட்டிருக்கமாட்டார்கள். இது அவர்களுக்கும் தெரிந்திருக்கும். ஐயர் மெல்ல, "நேரம் போகுது" என்றார்.

அபிதான் தகப்பனிடம் போனாள். அவன் ஜக்கெற்றைப் பின்னால் பிடித்து இழுத்தாள். அவன் கையை விட்டுக்கொடுத்தான். ஜக்கெற் கழன்றது. வந்து பாயில் இருந்தான்.

ஐயர் சொல்லச் சொல்ல எல்லாம் செய்தான். தகப்பனின் பெயரைச் சொல்லவேண்டிய இடத்தில் நின்றுவிட்டான், ஐயர் இரண்டுதரம் கேட்டார். மூன்றாம் தரம் சொன்னான். எள்ளோடு தண்ணீர் அவன் விரலால் இறங்கினதை நான் குசினி வாசலில் நின்று பார்த்தேன். புவனம் அந்த நேரம் கோட்டைப் போட்டுக்கொண்டு போய்விட்டாள். தான் சமைத்ததில் ஒரு வாய் சாப்பிடவில்லை. சனமும் வழக்கம்போல இருந்து கதைக்காமல் சாப்பிட்டுவிட்டு எழும்பிவிட்டது. இந்த வீட்டுக்கு இனி எத்தனை பேர் வருவார்கள் என்று எனக்குத் தெரியாது. மனுசனைச் சபையில் விட்டுக்கொடுத்த பெண் என்று எனக்கு ஒரு பெயர் வந்திருக்கும். அது பொய்யில்லை. விட்டுத்தான் கொடுத்தேன். அவர் நல்ல மனுசன். எங்களுக்காகத் தன் வயதுகாலம் முழுக்க பஸ் கழுவினவர். அதையும் அன்றைக்குச் சேர்த்துச் சொல்லியிருக்கவேண்டும். சொல்ல இடம் இருக்கவில்லை.

சுதன் கடைசியாகத்தான் வெளிக்கிட்டான். பாத்திரம் எல்லாம் கழுவித் தந்தான். சப்பாத்துப் போடக் குனிந்தவன் நிமிராமலே சொன்னான்.

"அம்மா, அப்பாவை நீங்கள் அப்பிடிச் சொல்லியிருக்கக் கூடாது."

"ஓம்" என்றேன்.

"எல்லாருக்கும் முன்னாலை."

"ஓமப்பு."

சப்பாத்து நாடாவைக் கட்டினான், அவிழ்த்தான், திரும்பக் கட்டினான். என்னில் அவனுக்குக் கோபம் இருந்தது. அந்த வருசம் முழுக்க அவனிடம் ஒன்றுமே இருக்கவில்லை, இப்போது கோபமாவது இருந்தது.

"வெள்ளிக்கிழமை சாப்பிட வா" என்றேன். "மரக்கறிதான்."

படியால் இறங்கிப் போனான்.

புவனத்துக்கு இரண்டு தரம் போன் எடுத்தேன், எடுக்கவில்லை. வெள்ளிக்கிழமை சோறு கொஞ்சம் கூடத்தான் போட்டேன். நேரம் சென்று கதவுமணி அடித்தது. சுதன் தனியாகத்தான் வந்தான். தகப்பனின் படத்துப் பக்கம் பார்க்காமல் மேசையில் இருந்தான். நான் சோற்றைப் போட்டேன், அவன் சாப்பிட்டான்.